மோதிர விரல்

முக்கூடல் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே
பழச்சாற்றுக் கடைக்கும் அடகுக் கடைக்கும் நடுவில்
ஆறடி அகலம் என் கடை.
வெயில் கவுண்டர்வரை வந்திருந்த நேரம்
பீடி இலை வாசத்தோடு முப்பிடாதி வந்தாள்.
"மீரான் தம்பி, எம் பேர்ல ஒரு சிம்மு வேணும்.
எம் பேர்ல."

இதுவரை இருந்தது புருஷன் பேரில்.
அவன் பிவண்டியில்.
போன மாதம் கார்டு தொலைந்ததென்று சொல்லி
அங்கே புதிதாக ஒன்று வாங்கினான்;
இங்கே இவள் போனில்
நாலு கோடும் ஒரே நேரத்தில் அவிந்தன.
ஃபண்டு பணத்துக்கு வந்த ஓ.டி.பி. எல்லாம்
அவன் சட்டைப் பையில் போய் இறங்கின.

ரேகைக் கருவியில் கட்டைவிரலை வைத்தாள்.
சிவப்பு.
முந்தானையில் துடைத்து வைத்தாள்.
சிவப்பு.
தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவிப் பார்த்தோம்.
அதற்கும் சிவப்பு.
இருபத்தாறு வருஷம் இலை சுருட்டிச் சுருட்டி
விரல் நுனி கூழாங்கல்லாகியிருந்தது.
"எம் விரலுக்கே என்னைத் தெரியலையோ?"
என்று கருவியைப் பார்த்துக் கேட்டாள்.
ஒவ்வொரு விரலாக வைத்துக்கொண்டே வந்து
இடது கை மோதிர விரலில் பச்சை.
பீடிக்கு அதிகம் வேலை செய்யாத விரல்.
"சோம்பேறிக்குத்தான் சாட்சி சொல்லத் தெரியுது" என்றாள்.

நம்பர் பார்த்தாள். எட்டில் முடிவது வேண்டாம்.
கார்டை வாங்கி
வெயிலுக்கு நேரே பிடித்தாள்.
"நகத்தளவு இருக்கு. இதுக்குள்ள என்னதான் இருக்கு?"

ஒரு ரகசிய எண் இருக்குக்கா.
எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.
அதோட ஜோடி எங்கேயோ கம்பெனிப் பூட்டுக்குள்ள.
ஜனங்க கூப்பிடுற பத்து இலக்கத்தை
அங்க பதிவேட்டுல இந்தக் கார்டுக்கு நேரே எழுதியிருப்பாங்க.
அந்த வரியிலதான் போன மாசம் உங்களை அடிச்சது.

போனைப் போட்டதும்
கார்டு டவர்கிட்ட யாருன்னு சொல்லும்.
டவர் நம்பாது. ஏதோ ஒரு எண்ணை வீசும்,
ஒரு தடவை கேட்டதை மறுதடவை கேக்காது.
கார்டு அதை ரகசியத்தோட போட்டுப் பிசைஞ்சு
விடையை மட்டும் வெளிய நீட்டும்.
அங்கயும் அதே கணக்கைப் போட்டுப் பாப்பாங்க.
ரெண்டும் ஒண்ணுன்னா உள்ள விடுவாங்க.
ரகசியம் மட்டும் வாசப்படி தாண்டாது.
அப்புறம் டவர் அதுக்கு ஒரு பட்டப்பேர் வைக்கும்,
நிஜப்பேரைக் காத்துல எவனும் ஒட்டுக்கேக்கக் கூடாதுல்லா.

"எங்க தெருவுலயும் அப்படித்தான்" என்றாள்,
"நிஜப்பேரு ரேஷன் கார்டுல கெடக்கும்."
கொஞ்சம் யோசித்து,
"கேட்டா விடை சொல்லும். விஷயத்தைச் சொல்லாது. அப்படித்தான?"
"ஆமா."
"புத்தியுள்ள கழுத."

பீடி போட்டுவிட்டு
விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினாள்.
போனின் மேல்மூலையில் இன்னும் 'சேவை இல்லை'.
அணைத்து எழுப்பினேன்.
கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் நிற்கிற டவரும்
அவள் உள்ளங்கையும்
எங்களுக்குக் கேட்காமல் ஏதோ பேசிக்கொண்டன.
ஒரு கோடு. அப்புறம் மூன்று.
உடனே மணியடித்தது.

"ஏல சண்முகையா! புளியங்குடி எலுமிச்சை லோடு என்னாச்சுல?"
யாரோ விட்டுப்போன நம்பர்,
சில மாதம் தூங்கி எழுந்து இவளிடம் வந்திருக்கிறது.
"சண்முகையா இல்ல. முப்பிடாதி.
இன்னைலேருந்து இது எம் நம்பரு."
வைத்தாள். மறுபடி அடித்தது. அதே குரல், அதே லோடு.
"வேற நம்பர் மாத்தித் தரவாக்கா?"
"எதுக்கு? கேக்கட்டும். சொல்லுதேன்."

பாப்பாக்குடி பஸ் வந்தது. ஏறிப் போனாள்,
படியிலேயே யாருக்கோ தன் பேரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு.

கருவியின் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்காக
கோடே இல்லாத ஒரு கட்டைவிரல்.
அடுத்த ஆள் வந்து விரலை நீட்டிய பிறகுதான்
துடைத்தேன்.