மாதிரித் தட்டில் ஒரு நாவல்

பயின்னௌங் சந்தையில் எங்கள் கிட்டங்கி.
வியாழன் பகல் பன்னிரண்டரை.
மின்சாரம் போயிருக்கும்,
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றலாமா என்று யோசிப்பார்கள்.
விலை கேட்டுச் சென்னை கூப்பிடும்வரை
நாங்கள் ஐந்து பேர் நாவல் பேசுவோம்.

என் வேலை உளுந்து பார்ப்பது.
மூட்டையில் குத்தூசி செருகி ஒரு பிடி இழுத்து
வெள்ளைத் தட்டில் பரப்பிச் சொல்வேன்:
கல் இவ்வளவு, வண்டு துளைத்தது இவ்வளவு, ஈரம் இவ்வளவு.
சம்பளப் பட்டியலில் நான் மா தண்டார்,
வீட்டில் தையல்நாயகி.
இரண்டு பேருக்கும் கண் ஒரே ஜோடிதான்.

புத்தகமும் ஒரே பிரதிதான்.
சந்தை வாசல் வாடகைக் கடையில்
நாளைக்கு இருநூறு கியாட்.
ஐராவதித் துறையில் படகுச் சீட்டு கிழிக்கும் ஒருத்தி,
போனவனுக்காக இருபது வருஷம் காத்திருக்கிறாள்.
அவ்வளவுதான் கதை, நானூறு பக்கம்.

"புடைத்தால் பாதி பறந்துவிடும்" என்றார் மேனேஜர் ஊ தான் நைங்.
மா நிலார் அழுதாளாம்.
எந்த இடத்தில் என்று கேட்டோம்.
எல்லா இடத்திலும் என்றாள்.
கோ சோ மின் கடைசி அத்தியாயம் மட்டும் படித்தவன்,
அதையும் எழுந்து நின்று உரக்கப் படித்தான்,
அன்று முழுக்க அவன் குரல்தான் மேலே.
கணக்கெழுதும் டோ தீடா ஏய்
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்:
"இருபது வருஷம் சீட்டு கிழிக்கிறாள்,
ஒரு நாள்கூடக் கல்லாவில் சில்லறை குறையவில்லை.
இதை எழுதினவருக்குக் காத்திருப்பது தெரியும்,
வேலை பார்ப்பது தெரியாது."

யாரும் பேசவில்லை.
லாபெத் கிண்ணத்தில் பூண்டு மட்டும் மிச்சம்.
வாசலில் மூட்டைக்குச் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த
ஜியாவாடி வெள்ளைக்கண்ணு
என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்:
"கடைசியில மழையில நனையுறாளாமே, எந்த மாசம்?"
தபோட்வே என்றேன்.
"அது உளுந்து காயப்போடுற மாசமாச்சே.
அப்ப மழை பேஞ்சா ஊரே அழுவும்,
இவ ஒருத்திய எவன் பாப்பான்?"

என் முறை வந்தது.
உடைசல் நூற்றுக்கு மூன்று என்றேன்.
கல் இல்லை.
ஈரம்தான் கூடுதல்,
இப்படியே கப்பலேற்றினால்
சென்னை சேருமுன் முளைத்துவிடும்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் பாராட்டித்தான் சொன்னேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்,
கடிதம் வந்தும் அவள் பிரிக்காமல் வைத்திருக்கும் இடம்,
தையல் இடுக்கில் ஒற்றைத் துவரை.

நாங்கள் துவரை தொடுவதில்லை.
தொடுகிறவர்கள் எதிர் வரிசையில், பச்சை ஷட்டர்.
தரகுத் தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது,
மேனேஜர் அந்தத் திசையில் வெற்றிலைகூடத் துப்ப மாட்டார்.
அங்கேயும் ஒருவர் இந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்.
தாளில் குழி விழுந்திருக்கிறது,
ஒரு வாரமாவது மூடிக் கிடந்திருக்க வேண்டும்.
யார்?
தராசடியில் தலை குனிந்தே இருக்கும் அந்தப் பையனா?
எந்நேரமும் போனில் கத்தும் முதலாளியா?
பிரிக்காதே பெண்ணே என்று மூடினாரா,
சோறு ஆறுகிறதே என்று மூடினாரா?

சென்னை கூப்பிட்டது.
டன்னுக்குப் பதினைந்து டாலர் இறக்கம்.
துறையும் படகும் அவளும்
அந்த நிமிஷமே மேசைக்கு அடியில் போனார்கள்.

மாலையில் புத்தகத்தைத் திருப்பப் போனேன்.
அதற்குமுன், கூசிக்கொண்டுதான்,
அந்தத் துவரைக்குப் பக்கத்தில்
எங்கள் உளுந்து ஒன்றை வைத்தேன்.
முதல் தரம், தட்டிலிருந்து பொறுக்கியது.

வாடகைக் கடைக்காரர் எதையும் நம்பாதவர்.
பக்கம் கிழிந்திருக்கிறதா என்று
புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினார்.
இரண்டும் நடைபாதையில் உருண்டன.
ஒரு சிட்டுக்குருவி வந்து ஒன்றைக் கொத்திப் போயிற்று.

எதை என்று எனக்கா தெரியாது?
சொல்ல மாட்டேன்.