கடைசிப் பால்பல்

செவ்வாய் மதியம், ஓல்டன்பர்க்.
பள்ளியில் இந்நேரம் கைப்பந்து.
வீப்கே என் பக்கத்து இருக்கையில்,
கால் தரைக்கு எட்டாமல்.
வயது பன்னிரண்டு.
இதே பாடத்தில் இரண்டு முறை தோற்றவன் நான்.

பேராசிரியர் தொடர்ச்சியற்ற சார்பு ஒன்றை வரைந்தார்:
கோடு வருகிறது, ஓரிடத்தில் அறுந்துபோகிறது,
அப்பால் வேறு உயரத்தில் தன்பாட்டுக்குப் போகிறது.

“ஸ்ஸ்” என்றாள்.
உள்ளங்கையில் பல், கடுகளவு ரத்தம்.
என் கைக்குட்டை வெளியே எடுக்கும் நிலையில் இல்லை;
மறுதேர்வு விண்ணப்பத்தின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தேன்.
பொட்டலம் கட்டிப் பேனாப் பெட்டியில் போட்டாள்.

நாக்கு இன்னும் பள்ளத்தைத் துழாவிக்கொண்டிருக்க
கையைத் தூக்கினாள்:
“அறுந்த இடத்தில் மதிப்பு எவ்வளவு?
நீங்கள் சொல்லவே இல்லையே.”

முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன.
மேலே தள்ளிவிட்ட பலகையைப்
பேராசிரியர் கீழே இழுத்தார்.
சாக்பீஸைத் தேடினார்.