இருபத்தோராயிரத்து நூற்றைம்பது

குருபரப்பள்ளித் தொழிற்சாலையில்
சம்பளப் பிரிவு மேசை என்னுடையது.
கழிவறைக்குப் போகும் வழியில் போட்டிருக்கிறார்கள்.
அதனால் எல்லோரும் ஒரு நிமிடம் நின்றுதான் போவார்கள்,
பாதிப் பேர் கேள்வியோடு,
பாதிப் பேர் அவசரத்தோடு.

திம்மராயன் வந்தது கேள்வியோடு.
பராமரிப்புப் பிரிவில் பதவி உயர்வு.
வேண்டாமென்று எழுதியே கொண்டுவந்திருந்தார்,
அடித்தல் திருத்தல் இல்லாமல்.
"ஸ்லாப் மாறிடும் மேடம்.
மொத்தச் சம்பளத்துக்கும் அந்த ரேட்டுல புடிச்சிட்டா
இப்பக் கைக்கு வர்றதும் வராது."

பதினெட்டு வருட வேலைக்காரர்.
ஓடும் சத்தத்தை வைத்தே
எந்த பேரிங் போகப்போகிறதென்று சொல்லிவிடுவார்.
கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
பார்க்கவில்லை.

"நீங்க பெரியமுத்தூர்தானே?
அணையில ஐம்பத்திரண்டு அடி.
அதுக்கு மேல வர்ற தண்ணியத்தானே
ஷட்டரத் தூக்கி விடுறாங்க?
அடியில கெடக்கிறதையும் சேர்த்தா
ஆத்துல விடுறாங்க?"

கண்ணைச் சுருக்கினார்.
"அப்ப கோட்டுக்கு மேல போற ரூபாய்க்கு மட்டுந்தான்."
"அதுக்கு மட்டுந்தான்."
கடிதத்தை நாலாக மடித்து
டிபன் பாக்ஸுக்கு அடியில் செருகிக்கொண்டார்.

மாலை வரைக்கும் நான் கெட்டிக்காரி.

இரண்டாம் ஷிஃப்டுக்கு முன்னால் நாகவேணி வந்தாள்.
வேப்பனப்பள்ளிப் பக்கம், வயரிங் லைன், ஏழாவது மேசை.
மே மாதச் சீட்டை நீட்டினாள்.
இருபதாயிரத்து எழுநூறு இருந்த இடத்தில்
இருபத்தோராயிரத்து நூற்றைம்பது.
"வாழ்த்துகள்" என்றேன்.
"இதுல எரநூறு கொறச்சுப் போட முடியுங்களா?"

ஒரே நாளில் இரண்டு பேர் பணம் வேண்டாம் என்கிறார்கள்.
காலையில் சொன்ன அணை நாக்கு நுனியில் நின்றது.
விழுங்கினேன்.
ஏனென்றால் இவள் கணக்கு சரி.

இ.எஸ்.ஐ.க்குப் படிக்கட்டு கிடையாது.
இருபத்தோராயிரம் வரை உள்ளே,
ஒரு ரூபாய் தாண்டினால் வெளியே.
மாதம் நூற்றைம்பத்தாறு ரூபாய்ப் பிடித்தத்தில்
மகளுக்கு இரண்டு இன்ஹேலர்,
மூச்சு முட்டும் இரவுகளில் ஒரு கட்டில்.
கடையில் வாங்கினால் இன்ஹேலர் மட்டும் ஆயிரத்து நூறு.
உயர்வு, நானூற்றைம்பது.

"எங்க ஊர் எல்லைக் கல்லு மாதிரிங்க.
கல்லு வரைக்கும் பொம்பளைங்களுக்கு ஓசி.
தாண்டி அடுத்த ஸ்டாப்புல எறங்கணும்னா
டிக்கெட் எடுங்குறான்.
ரோடும் ஒண்ணுதான், பஸ்சும் ஒண்ணுதான்."

ஏதோ தோன்றி உத்தரவுக் கோப்பைத் தேடி எடுத்தேன்.
உயர்வு எந்தத் தேதியிலிருந்து?
மே ஒன்று.
ஏப்ரல் ஒன்று என்றிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.
எதிலும் தாமதமாகவே கையெழுத்துப் போடும் மேலாளரை
முதல் தடவையாக மனதுக்குள் வாழ்த்தினேன்.

"செப்டம்பர் முடியப் பிடிப்போம்.
பிடிச்சதுக்குப் பயன் அடுத்த வருஷம் ஜூன் வரைக்கும் வரும்.
கார்டைத் தூக்கிப் போட்டுடாத."

விரல் மடக்கி எண்ணினாள்.
இந்த ஜூனிலிருந்து அந்த ஜூன்.
பதின்மூன்று வந்தது.
"அதுக்கப்புறம்?"

மென்பொருளில் அதற்குக் கட்டம் இல்லை.
எல்லோருக்கும் குழுக் காப்பீடு கேட்டு
மேலே எழுதுகிறேன் என்றேன்.
பிறகு எழுதவும் செய்தேன்.
பரிசீலிக்கப்படும் என்று ஒரு வரி வந்தது,
முற்றுப்புள்ளி இல்லாமல்.

சைரன் அடித்தது.
வாசல் இயந்திரத்தில் விரல் வைத்தாள்.
அது அவளை ஏற்கவில்லை.
துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு
மறுபடி வைத்தாள்,
கொஞ்சம் அழுத்தி.