புள்ளி வைத்த எழுத்து

சனிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு
பம்பலப்பிட்டியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் வகுப்பு.
மனிதப் பாலியலின் உளவியல், பன்னிரண்டு வாரம்,
கட்டணம் இரண்டு தவணை.
பற்றுச்சீட்டில் ம.பா.உ. என்று
சுருக்கி எழுதித் தந்தாள் காசு வாங்கின பிள்ளை.
அனெக்ஸை வாடகைக்குத் தந்த மனோரஞ்சி அன்ரியிடம்
கணக்கியல் என்று சொல்லியிருக்கிறேன்.
முழுப் பொய்யும் இல்லை:
பதினொரு வருடத்தைக் கூட்டிக் கழிக்கத்தானே போகிறேன்.

முதல் வாரம் முன்வரிசையில் ஒருவரும் இல்லை.
ராகமைத் தாதி ஒருத்தி,
கல்கிசை ஹோட்டல் மனேஜர்,
விவாகப் பதிவாளர் ஒருவர்
(ஏன் வந்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை),
கொம்பனித்தெரு ஸஃப்வான், இருபத்திநாலு வயது.
செனாலி மிஸ் திரையில் படத்தைப் போட்டதும்
எல்லோரும் கொப்பியில் திகதி எழுதினோம்.
இரண்டு தரம் எழுதினோம்.
நல்லவேளை, கரையோர ரயில் வந்தது.
அவ சொன்ன ஒரு சொல்
வாயசைவாக மட்டும் எங்களைக் கடந்து போனது.

நான் புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர்.
கூண்டில் யார் ஏறினாலும் அவர்களின் 'நான்' நான்தான்.
நான் களவெடுத்தேன்.
நான் அவளை அடிக்கவில்லை, கையைத்தான் பிடித்தேன்.
நான் அப்போது ஐந்து மாதம்.
மத்தியானம் இந்த நான்களையெல்லாம் மேசையில் விட்டுவிட்டு
சோற்றுப் பார்சலைப் பிரிப்பேன்.

ஐந்தாம் வாரம் சம்மதம்.
மிஸ் ஆளுக்கொரு வெள்ளைத்துண்டு கொடுத்தா.
பெயர் வேண்டாம், எந்த மொழியும் சரி,
வீட்டில் கேட்க முடியாததை எழுதுங்கோ.
தாதி மூன்று துண்டு கேட்டு வாங்கினாள்.
நான் ஒன்றை நாலாய் மடித்து
பிஸ்கட் ரின்னுக்குள் போட்டேன்.

வாசித்துக்கொண்டே வந்தவ
ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.
'தமிழ். யார் வாசிக்கிறது?'
வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. என் தொழில் தெரியுமே.
தண்ணீர்ப் போத்தல் மூடியைத் தேடுகிறவள் மாதிரி
மேசைக்குக் கீழே குனிந்தேன்.
ஸஃப்வான் எழும்பினான்.

முதலில் மனதுக்குள் வாசித்தான்.
பிறகு சிங்களத்தில், மெதுவாக:
'இருட்டில் அவர் கேட்பார்.
நான்'
நின்றான்.
மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை தட்டியது.
'நான் ம் என்பேன்.
பதினொரு வருடம்.
அது ஓமா? இல்லாவிட்டால் அதற்கு என்ன பெயர்?'

அந்த ம்-ஐ அவன் மொழிபெயர்க்கவில்லை.
உதட்டை மூடி, அப்படியே விட்டான்.
ஒருவருக்கும் விளங்காமல் இல்லை.
என் நானைச் சொல்லி முடித்த பொடியன்
காதுமடல் சிவக்க இருந்தான்.
மிஸ் சொன்ன பதில் என் கொப்பியில் இருக்கிறது,
வடிவான எழுத்தில்,
வேறு யாருக்கோ குறிப்பெடுத்த மாதிரி.

நூறாம் நம்பர் பஸ்ஸில் நின்றபடி வந்தேன்.
சின்ன வகுப்பில் சொல்லித் தந்தது:
உயிர் ஏறாத எழுத்துக்குத் தலையில் புள்ளி.
அதற்குப் பெயர் மெய்.
மெய் என்றால் உடம்பு என்றும் சொல்லி
ரீச்சர் அவசரமாய் அடுத்த பக்கத்துக்குப் போனா.
வெள்ளவத்தைச் சந்தையில் இறங்காமல்
தெஹிவளை வரை போய்விட்டேன்.

திங்கள் காலை ஒரு தாபரிப்பு வழக்கு.
மட்டக்குளிப் பிள்ளை, இருபத்தாறு வயது,
கைக்குட்டையைத் திருகித் திருகிக் கயிறாக்கிவிட்டாள்.
'சம்மதித்துத்தானே அவருடன் போனீர்?'
சட்டத்தரணி கேட்டதைத் தமிழில் கொடுத்தேன்.
'ம்.'

ஒன்பது வருடமாய் இதை
'ஒவ்' என்று கொடுத்திருக்கிறேன்.
எத்தனை பேருக்கு என்று எழுதிவைக்கவில்லை.

நீதவான் என் பக்கம் திரும்பினார்.
'சாட்சி ம் என்றார், ஐயா.'
'அதன் அர்த்தம்?'
'சாட்சியைத்தான் கேட்க வேணும்.'

தட்டெழுத்துக்காரி விரல்களைத் தூக்கி வைத்தபடி
என்னையே பார்க்கிறாள்,
இதை எந்த எழுத்தால் அடிக்கிறது என்று.