பந்து போட்டவளே எடுக்க வேண்டும்

லிந்துலையில் எங்கள் மைதானத்துக்கு
ஒரு பக்கம்தான் உண்டு.
மறுபக்கம் பள்ளம்.
பீலிக்கு மேலே, லயத்துக்குப் பின்னால்
பழைய தேயிலையைப் பிடுங்கிப் போட்ட கொஞ்ச நிலம்.
லெக் பக்கம் அடித்தால்
ஏழாம் நம்பர் மலை முழுக்க உருண்டு
ஆற்றோரம் போய்த்தான் நிற்கும் பந்து.
இருந்ததே ஒரு பந்து.

சட்டமும் ஒன்றுதான்:
போட்டவளே எடுக்க வேண்டும்.

பையன்கள் வைத்த சட்டம்.
தயாளினியைச் சேர்த்துக்கொண்டதே அதற்காகத்தான்.
காலில் அட்டை தொங்க, ரத்தம் ஒழுக,
நூற்றுப் பதினொரு படி ஏறி வருவாள்.
எண்ணியவள் அவள்தான்.

பிறகு ஒரு மழைக்காலம், எந்த வருடம் என்று நினைவில்லை,
யாராலும் அவளை லெக் பக்கம் அடிக்க முடியவில்லை.
இடக்கையிலிருந்து வரும், காலடியில் விழும்,
நின்று யோசிக்கும்,
மற்றப் பக்கம் திரும்பிப் போகும்.
அபாரத் துல்லியம் என்று
பின்னாளில் பத்திரிகையில் எழுதினார்கள்.
எதிரே மட்டையோடு நின்றவள் நான்.
துல்லியமெல்லாம் இல்லை.
இறங்கி ஏற அலுப்பு.

தம்புள்ளையில் முதல் ஆட்டம்.
பத்து ஓவர், முப்பத்தொரு ஓட்டம், மூன்று விக்கெட்.
முத்துக்கருப்பனுக்குப் பலகையில் இடம் போதாமல்
எம். தயாலி என்று எரிந்தது பெயர்.
கொழுந்துச் சாக்கை இறக்காமலே
என் போனை எட்டிப் பார்த்தார் அவள் அம்மா.
பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு கிலோ குறைந்தாலும்
அரைப்பேர் விழுகிற கை.
"அங்கயும் அரைப்பேருதானா இவளுக்கு?"
சிரித்தாரா என்று
இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

ஒன்பது வருடம். நாற்பத்தாறு ஆட்டம்.
ஐம்பத்திரண்டு விக்கெட், ஒரு தோள் ஊசி,
பேட்டி கேட்டால் மூன்று மொழியிலும் ஒரே வாக்கியம்.
மைதானம் கட்டித் தருவதாக டவுனில் கட்டிய பதாகை
இப்போது அவள் வீட்டு விறகுக்கு மேலே கிடக்கிறது.
கையைத் தூக்கியபடி
மழையை வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

கடைசி ஆட்டத்தைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்தேன்.
பதினாலு பிள்ளைகள் தூக்கத்தில், என் வேலை அது,
அதனால் சத்தத்தை அணைத்திருந்தேன்.
நாற்பத்தேழாவது ஓவர்.
அந்த உயரமானவள் இறங்கி வந்து அடித்தாள்,
மிட்விக்கெட்டுக்கு மேலே, கூரைக்கும் அப்பால்.
எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.
தயாளினி மட்டும் குனிந்து,
சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டு,
லெக் பக்கமாக நடந்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும்.
நின்றாள்.
யாரெல்லாம் சிரித்தார்கள் என்று தெரியாது.
வெளியிலிருந்து ஒருவர் ஓடி வந்தார்,
கையில் ஒரு பெட்டி,
பெட்டி நிறையப் பந்து.

அடுத்த தொடருக்கான பட்டியல் வந்தபோது
மேலிருந்து கீழே வாசித்தேன்,
கீழிருந்து மேலேயும்.

சித்திரையில் வந்தாள்.
பையைக் கூட உள்ளே வைக்காமல்
ஏழாம் நம்பர் மலையில் இறங்கினாள்.
திரும்பி வர நேரமாயிற்று.
மூச்சு வாங்கியது, முழங்காலில் கை.
"நூத்திப் பதினொன்னு சரியா இருக்கா?" என்றேன்.

"பத்து," என்றாள்.
"ஒன்னு மண்சரிவுல போயிருச்சு."