நாற்பத்தேழு ஓம்

எஞ்சின் வந்து இறங்கியது செவ்வாய்க்கிழமை,
பஞ்சிகாவத்தையிலிருந்து, சாக்குப் போர்த்தி.
எந்த லொறியின் நெஞ்சோ.
தாங்கிகளை வெட்டி ஒட்டி இருத்தியது பிறேமகாந்த்.
வயர்கள் என் பாடு.

அனுராதபுரச் சந்திக்குப் பின்னால் எங்கள் கராஜ்.
காற்றில் உப்பு.
இன்று சுரண்டிய செம்பு நாளைக்குப் பச்சை.

புது எஞ்சின் தன் சூட்டைச் சொல்ல
இரண்டு வயர் கேட்கிறது.
பழைய மீற்றருக்கு ஒன்றுதான் தெரியும்.
அதனால் பழைய மொடல் சென்ஸர்.
துளை பதினாறு, சென்ஸர் பத்து,
இடையில் ஒரு பித்தளை புஷ்.
கடைந்து தந்த அன்ரன் குரூஸ்
சூடு ஆறமுன் விரலில் போட்டுப் பார்த்து
"கலியாணமே கட்டலாம்" என்றார்.
ஆயிரத்தைந்நூறு வாங்கினார்.

ஒழுகக் கூடாதென்று பிறேமகாந்த்
வெள்ளை ரேப்பை ஏழு சுற்றுச் சுற்றிவிட்டான்.
றேடியேற்றர் கொதிக்கிறது, ஊசி படுத்திருக்கிறது.
"பாருங்க, சூடே இல்ல" என்றார் முஹைதீன்பாவா.
லொறி அவருடையது, கிண்ணியா, மீன் ஏற்றுகிறவர்.
சூடு இருந்தது.
நிலத்தில் ஊன்ற அதற்குக் கால் இல்லை, அவ்வளவுதான்.
கழற்றி, ரேப்பை உரித்தேன்.

திருப்பிப் பூட்டமுன் மீற்றரையும் பார்ப்போமென்று
டாஷ்போட்டுக்குள் தலையை விட்டால்
கறுப்பு ரேப் சுற்றிய ஒரு முடிச்சு.
நுனியை மடித்து உள்ளே செருகுகிற பழக்கம்
இந்த ஊரில் எனக்கு மட்டும்தான்.

மஞ்சள், ஊதா, கறுப்பு.
நாற்பத்தேழு ஓம்.

மூன்று வருடத்துக்கு முதல், நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள்,
ஊசி சும்மா சிவப்பில் நிற்குது என்று
இதே மனிதர் வந்தார்.
யாரோ மாற்றிய சென்ஸர், வேறு கம்பனி.
கடைகள் பூட்டியாயிற்று. மீன் ஐஸில் கிடந்தது.
ஊசி நடுவில் நின்றால் ஒருவரும் ஏசுவதில்லை.
நின்றது.
மூன்று வருடம் அசையாமல் நின்றது.
போன மாதம் கந்தளாய் தாண்டி
ஹெட் பிளந்து புகை எழும்பியபோதும்
நடுவிலேயே நின்றதென்று
சாரதி சுமணபால எல்லோருக்கும் சொன்னார்,
என் வேலையைப் புகழ்கிற மாதிரி.

காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கேத்தலில் தண்ணீர் வைத்தேன்.
"கன்னியாவுக்குப் போவமா அண்ணே, ஏழு கிணறு, ஏழு சூடு"
என்று பகிடி விட்டான் பிறேமகாந்த்.
அந்தச் சூட்டுக்கு இந்த ஊசி கண்ணே திறவாது.
சென்ஸரை நூலில் கட்டித் தொங்கவிட்டு
உடம்புக்கு ஒரு எர்த் கொடுத்தேன்.
சூடு ஏற ஏற எண் இறங்கும், இதன் குணம் அப்படி.
எண்பதில் எழுபது.
நூறில் முப்பத்தெட்டு.
ஊசி நின்ற இடங்களில், கண்ணாடிமேல்,
மகளின் நகப்பூச்சால் இரண்டு பொட்டு.
எண்பது நடுவில் இல்லை. கொஞ்சம் மேலே.

"நடுவுக்கு எடுக்க ஏலாதா தம்பி,
போன முறை செய்த மாதிரி?"

ஏலும் என்று கைக்குத் தெரியும்.
"ஏலாது நானா" என்றேன்.
பூட்டினேன். பித்தளை இரும்பைத் தொட்டது.

இரவு பதினொன்றரைக்கு போன். சுமணபால.
"ஊசி ஏறுது. முதல் பொட்டு தாண்டிட்டுது."
எங்கே?
ஹபரணைக்கு இந்தப் பக்கம், ஏற்றம்.
"ரெண்டாவது?"
"இன்னும் இல்ல."
"பார்த்துக்கொண்டே ஓட்டுங்க."

வைக்கவில்லை, அவரும் நானும்.
கியர் மாறுகிறது. பின்னால் பெட்டிகள் உரசுகின்றன.
மனைவி புரண்டு யாரென்று கேட்டாள்.
கதிரையில் தொங்கிய காற்சட்டையைப் பார்த்தேன்.

"பஸ்ஸே, இறங்குது" என்றார்.

அதற்குப் பிறகும்
கொஞ்ச நேரம் வைக்கவில்லை.