இருபத்தொரு சதவீதம்

கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
எங்களுக்கு முன்னால் இன்னும் நானூறு மூட்டை.
தார்ப்பாய் நிழலில் ஜெய்புன்னிசா
கைப்பேசியை நீட்டிக் காட்டுகிறாள்:
கியோட்டோவில் செர்ரி பூப்பது
பங்குனிப் பாதியில், பத்தே நாள்.

விசாவுக்கு வங்கியில் பணம் காட்டணும்.
பணம் இதோ கிடக்கிறது குவியலாய்,
இருபத்தொரு சதவீத ஈரத்தில்.

வெந்நீர் ஊற்றில் துணியில்லாமல் இறங்கணுமாம்.
“நீ இறங்கு. நான் செருப்பைப் பாத்துக்கறேன்.”
ஹலால் கடைகள் குறித்தாயிற்று.
குச்சியால் அள்ளுவதற்கென்றே
சோறு ஒட்டுமாம் அங்கே;
இங்கே அப்படி வடித்தால்
குழைஞ்சுபோச்சென்று தட்டு நகரும்.

மேற்கே கறுக்கிறது.
மூடுவதற்குள் ஒருமுறை கிளறிவிட
காலால் வரிவரியாய்
நெல்லைக் கீறிக்கொண்டு போகிறேன்.

“நில்லு, மிதிக்காதே” என்கிறாள்.
“கோயில் முற்றத்துச் சரளையை இப்படித்தான்
கோடு இழுத்து வெச்சிருக்காங்க,
டிக்கெட் போட்டு.”

கோணி ஊசியைப் பல்லில் கடித்தபடி
படம் எடுக்கிறாள்.